கூட்டு உழைப்பும் அரியணைக் கனவும்
'வெஸ்நோத்' விளையாட்டு பற்றிய ஒரு மதிப்பீடு

கணினி விளையாட்டு ஒன்றை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதா என்று எமது வாசகருள் சிலர் வியப்புறக்கூடும். கவிதையும் சிறுகதையும் நாடகமும் ஆராயப்படும் பக்கங்களில் விளையாட்டுக்கு இடமளிப்பது பொழுதுபோக்கைக் கலையென்று மயங்குவதாகும் என்பது அவர்தம் எண்ணமாயிருக்கலாம். ஒரு காலத்தில் நாவலும் இவ்வாறே ஏளனத்துக்குள்ளாயிற்று. திரைப்படமும் இவ்வாறே வாயிலில் நிறுத்திவைக்கப்பட்டது. மாணவர் பலர் மணிக்கணக்காக ஈடுபட்டிருக்கும் ஒன்று அவர்தம் உள்ளத்தில் எதனை விதைக்கின்றது என்று ஆராய மறுப்பது விமர்சகனுக்குப் பெருமை தருவதன்று; கடமை தவறுதலேயாகும்.

விளையாட்டு பேசும் மொழி வேறு. நாவல் தன் பாத்திரங்களின் வாயிலாகப் பேசுகின்றது; விளையாட்டு தன் விதிகளின் வாயிலாகப் பேசுகின்றது. சதுரங்கத்தை நோக்குக. அதில் ஒரு சொல்லேனும் இல்லை. எனினும் அரசன் வீழ்ந்தால் அனைத்தும் முடிந்தது என்னும் விதியும், காலாள் பின்வாங்க இயலாது என்னும் விதியும் ஒரு சமுதாயத்தின் அமைப்பை எமக்குச் சொல்லிவிடுகின்றன. காலாள் எதிர்முனைக் கட்டத்தை அடைந்தால் உயர்வு பெறலாம். ஆனால் அரசனாக மட்டும் ஆக முடியாது! தலைமுறை தலைமுறையாக ஆடியோர் இதனை ஒரு கருத்தென்று எண்ணியதில்லை. விதியென்று ஏற்று ஆடினர். எவரும் விவாதிக்காத கருத்தே ஆழமாக வேரூன்றுகின்றது. ஆகவே ஒரு விளையாட்டை மதிப்பிடுகையில் அது சொல்லும் கதையை மட்டுமன்றி, அதன் விதிகள் எச்செயலுக்குப் பரிசளிக்கின்றன, எச்செயலைப் பொருட்படுத்தாது விடுகின்றன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

இந்நோக்கில் நாம் எடுத்துக்கொண்டது 'த பற்றில் ஃபோர் வெஸ்நோத்' என்னும் விளையாட்டாகும். வெஸ்நோத் என்ற கற்பனை அரசுக்கான போர் என்பது பெயரின் பொருள். டேவிட் வைற் என்பவர் 2003இல் இதனைத் தொடங்கினார். 2005இல் 1.0 என்னும் பதிப்பும், 2024இல் 1.18 என்னும் பதிப்பும் வெளியாயின. இது ஒரு வணிக நிறுவனத்தின் ஆக்கமன்று. நிரல் எழுதுவோர், ஓவியர், இசைஞர், கதை எழுதுவோர், மொழிபெயர்ப்போர் என நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் ஊதியமின்றி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வளர்த்த பொதுச்சொத்து. எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் எனக் கூறும் ஜீ.பி.எல். உரிமத்தின்கீழ் இது வெளியிடப்படுகின்றது.

மந்திரவாதிகளும், காட்டில் வாழும் எல்வ்களும், மலைக்குகைக் குள்ளரும், ஓர்க்குகள் எனப்படும் மூர்க்க இனத்தவரும் உலவும் மாய உலகமே இதன் களம். அறுகோணக் கட்டங்களால் ஆன நிலப்படத்தில் இரு தரப்பாரும் மாறி மாறித் தத்தம் முறைக்கு ஆடுவர். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காயை நகர்த்தலாம். இங்கு ஒரு முறைக்குத் தன் படை முழுவதையும் நகர்த்தலாம் என்பதே வேறுபாடு. கிராமங்களைக் கைப்பற்றினால் பொன் கிடைக்கும்; பொன்னைக் கொடுத்துப் படைவீரரைச் சேர்க்கலாம். அடிப்படை விதிகள் இவ்வளவே. அரை மணி நேரத்தில் ஒரு மாணவன் கற்றுக்கொள்ளக்கூடியவை.

இந்த எளிமையிலிருந்து எத்தகைய ஆழம் பிறக்கின்றது என்பதே இவ்விளையாட்டின் முதற் சிறப்பு. அதற்குப் பகலிரவு விதியைச் சான்றாகக் காட்டலாம். ஆறு முறைகள் கொண்டது ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதற் சாமம், இரண்டாம் சாமம். மன்னனின் ஈட்டிவீரன் 'ஒழுங்குடையோர்' என்னும் வகையினன். பகலில் அவன் வலிமை நூற்றுக்கு 25 கூடும், இரவில் 25 குறையும். ஓர்க் வாள்வீரன் 'ஒழுங்கற்றோர்' என்னும் வகையினன். அவனுக்கு இது தலைகீழ். ஈட்டிவீரனின் ஒரு குத்து 7 புள்ளிகள் எனில், பகலில் அது 9 ஆகின்றது, இரவில் 5 ஆகின்றது. வாள்வீரனின் வெட்டு 9 புள்ளிகள். பகலில் அது 7, இரவில் 11. இந்தச் சிறு கணக்கு போர் முழுவதற்கும் ஒரு மூச்சோட்டத்தைத் தந்துவிடுகின்றது. பகலில் முன்னேறுவதும், அந்தி சாயுமுன் ஆற்றங்கரையையோ மேட்டையோ பற்றிக்கொண்டு இரவைத் தாங்குவதும், விடியலில் மீண்டும் எழுவதுமாக ஆட்டம் நிகழ்கின்றது. முன்னேறும் வேளை எது, பொறுக்கும் வேளை எது என்று அறிதலே இங்கு அறிவு. ஆத்திரக்காரன் ஒவ்வொரு இரவிலும் தோற்பான்.

நிலமும் அவ்வாறே பேசுகின்றது. மன்னனின் காலாட்படைவீரன் ஒருவன் சமதரையில் நிற்கும்போது தன்மேல் வரும் அடிகளில் நூற்றுக்கு 40ஐத் தவிர்ப்பான். கோட்டையிலோ கிராமத்திலோ நின்றால் 60. ஆழமற்ற நீரில் நின்றால் 20 மட்டுமே. அடி படுமா தவறுமா என்பதை நிகழ்தகவு தீர்மானிக்கின்றது. 'நல்ல ஆட்டமும் கெட்ட அதிர்ஷ்டத்தால் தோற்கின்றதே' என்பது இவ்விளையாட்டின் மீது வழமையாகக் கூறப்படும் குறை. நாம் இதனை முழுக்க ஏற்பதற்கில்லை. போரில் உறுதியான அடி என்று ஒன்றில்லை. மேலும், தாக்குமுன் வெற்றிக்கும் தோல்விக்குமுரிய வாய்ப்புகளை விளையாட்டு எண்களாகவே எம்முன் வைக்கின்றது. மறைவிலிருந்து எமது பொருளைப் பறிக்கும் சூதுகள் மலிந்த விளையாட்டுச் சந்தையில் இந்நேர்மை சாதாரணமானதன்று. உறுதியில்லாத உலகில் கணக்கிட்டுச் செயலாற்றவும், கணக்குத் தவறினால் மாற்று வழி தேடவும் இது பயிற்றுகின்றது. வாய்ப்பைக் கண்டு கற்பவனுக்கு இது ஆசிரியன்; வாய்ப்பை நொந்துகொள்பவனுக்கு இது வெறும் பகடை.

மூன்றாவது சிறப்பு மனிதத்தன்மை சார்ந்தது. படைவீரர் இங்கே வெறும் எண்ணிக்கையல்லர். மனிதப் படையில் சேரும் ஒவ்வொருவனும் ஒரு பெயருடன் வருகின்றான். ஒருவன் விரைவானவன், ஒருவன் உறுதியானவன், ஒருவன் அறிவுள்ளவன் என்று தனக்கெனச் சில இயல்புகளும் கொண்டுள்ளான். அனுபவம் பெற்று உயர்கின்றான். அடுத்த களத்துக்கும் அழைக்கப்படலாம். ஆனால் இறந்தவன் மீள்வதில்லை. நான்கு களங்களில் உடன் வந்த ஈட்டிவீரன் எமது கவனக்குறைவினால் சதுப்பு நிலத்தில் வீழும்போது நாம் உணர்வது இழப்பு. போரைப் பற்றிய விளையாட்டு ஒன்று இதனைச் செய்யுமாயின் அது சிறு சாதனையன்று.

இனிக் குறைகளுக்கு வருவோம். வெஸ்நோத்தின் பிரதான கதைத்தொடர் 'அரியணையின் வாரிசு' என்பது. மன்னன் காரார்ட் போர்க்களத்தில் தன் மகனாலேயே கொல்லப்படுகின்றான். சூழ்ச்சிக்குப் பின்னே நின்றவள் அரசி அஷெவியேர். மன்னனின் தம்பி, தமையன் பிள்ளைகளையும் கொல்ல அவள் ஆணையிடுகின்றாள். டெல்ஃபாடோர் என்னும் முதிய மந்திரவாதி கொன்ராட் என்னும் குழந்தையைக் காப்பாற்றி எல்வ்களிடையே வளர்க்கின்றான். இளைஞனான கொன்ராட் அரியணையை மீட்கப் புறப்படுகின்றான். ஒளித்து வளர்க்கப்பட்ட இளவரசன், தீய அரசி, இழந்த செங்கோல்: அம்புலிமாமாக் கதைகளில் நாம் எத்தனை முறை படித்தவை!

ஆயினும் இக்கதையில் ஒரு திருப்பம் உண்டு. முடிவை நெருங்குகையில் உண்மை வெளிப்படுகின்றது: உண்மையான கொன்ராட் குழந்தையிலேயே கொல்லப்பட்டுவிட்டான், இவன் பெற்றோர் யாரென்று தெரியாத ஓர் அநாதை. இதனை அறிந்தபோது நாம் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தோம். இதுவரை படை நடத்தியதும், நட்பு வென்றதும், களம் பல கண்டதும் அரச இரத்தமன்று என்று கதையே ஒப்புக்கொள்கின்றதல்லவா? அரியணை என்னும் கருத்தே இங்கு ஆட்டங்கண்டிருக்க வேண்டும். ஆனால் கதை தன் துணிவைக் கண்டு தானே அஞ்சிவிடுகின்றது. அரசியின் மகள் லிசார் இரத்த உரிமையோடு ஆயத்தமாக நிற்கின்றாள், அவளுக்கு முடி, அவளை மணந்த கொன்ராட்டுக்கு அருகில் ஆசனம். கேள்வியை எழுப்பிய கதை, திருமணத்தால் அதனை மூடிவிட்டது. ஓர் அரசிக்குப் பதில் இன்னோர் அரசி. வெஸ்நோத்தின் குடியானவனுக்கு இதனால் என்ன மாறிற்று என்று கேட்பதற்கு அங்கு எவருமில்லை.

பிறப்பினால் இயல்பை வரையறுத்தல் அடுத்த குறை. ஓர்க் இனத்தில் பிறந்தோர் அனைவரும் 'ஒழுங்கற்றோர்'. இச்சொல் இரவில் வலிமை பெறுவதை மட்டுமே குறிக்கின்றது, தீமையைக் குறிப்பதன்று என்று சமாதானம் கூறலாம். அவ்வாறாயின் மனிதருள் இப்பிரிவினை எவ்வாறு அமைகின்றது என்று பாருங்கள். மன்னனின் ஈட்டிவீரனும் குதிரைவீரனும் ஒழுங்குடையோர். திருடன், வழிப்பறிகாரன், மன்னனின் காட்டில் களவாக வேட்டையாடுபவன் ஆகியோர் ஒழுங்கற்றோர். அரண்மனையின் சம்பளத்தில் வாழ்பவனுக்குச் சூரியன் துணை. அரண்மனைச் சட்டத்துக்கு வெளியே வாழ்பவனுக்கு இருள் துணை. வானியல் போலத் தோற்றமளிக்கும் விதியினுள்ளே ஆட்சியாளரின் சட்டப் புத்தகம் இருக்கின்றது!

இவ்விடத்தில் நாம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். வெஸ்நோத் ஒரே குரலில் பேசும் ஆக்கமன்று. பலர் எழுதியதால் அதற்குள்ளேயே மறுப்புக் குரல்களும் எழுந்துள்ளன. 'கருங்கண்ணனின் மகன்' என்னும் கதைத்தொடரில் நாம் ஓர்க்குகளின் தலைவன் கபூவேயாக ஆடுகின்றோம். அங்கே உடன்படிக்கையை மீறி அயலார் நிலத்தில் புகுபவர் மனிதர். தற்காத்துப் போராடுபவர் ஓர்க்குகள். வேறொரு தொடரில் ஈவிரக்கமின்றி நாம் வெட்டிச் சாய்த்தவர்களுக்கு இங்கே தாயகமும் மானமும் இருக்கக் காண்கின்றோம். 'விடுதலை' என்னும் தொடரோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. எல்லைப்புறச் சிற்றூரான டால்பெனின் தலைவன் பால்ட்ராஸ், அரசி அஷெவியேரின் கொடுங்கோலுக்கு எதிராக ஊராரைத் திரட்டிக் கிளர்ந்தெழுகின்றான். சட்டத்துக்குப் புறம்பானோர் என ஒதுக்கப்பட்டவரோடு கைகோக்கின்றான். அதே பகலிரவு விதி இங்கே முற்றிலும் வேறு பொருள் கொள்கின்றது. பகல் அரசியின் படைக்குரியது. இரவு ஒடுக்கப்பட்டோரின் புகலிடம். விதி மாறவில்லை, யாருடைய நிலையில் நின்று பார்க்கின்றோம் என்பது மாறிவிட்டது. எமது மதிப்பீட்டில் வெஸ்நோத்தின் உயர்ந்த கணம் இதுவே. வாரிசுக் கதையை ஆடியவர்கள் அத்துடன் நின்றுவிடாது 'விடுதலை'யையும் ஆடிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் கதைகள் எத்துணை முற்போக்காயினும் எல்லாக் கதைகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே விதித்தொகுதி. அங்கேதான் எமது கடுமையான குறை உள்ளது. எதிரியோடு பொருதினால் அவனது படிநிலைக்கேற்ப அனுபவப் புள்ளி உண்டு: முதற்படி எதிரியாயின் 1. அவனைக் கொன்றால் 8. காயமுற்றவரைக் குணப்படுத்தினால்? ஒன்றுமில்லை. எல்வ்களின் ஷாமன் தன்னைச் சூழ நிற்போரின் காயங்களை முறைதோறும் ஆற்றுகின்றாள். அவள் இல்லையேல் படை இல்லை. ஆனால் நூறு பேரின் காயங்களை ஆற்றினாலும் அவள் தன் கலையில் ஓர் அணுவேனும் உயர்வதில்லை. சிறந்த வைத்தியையாக வேண்டுமாயின் அவள் பொருத வேண்டும். விரைவில் ஆக வேண்டுமாயின் கொல்ல வேண்டும்! அவளுடைய தாக்குதலோ மிக மெலிந்தது. ஆதலால் தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்கின்றனர். மற்ற வீரர் எதிரியைக் குற்றுயிராக்கி விடுவர். இறுதி அடியை ஷாமன் அடிப்பாள். குணப்படுத்துபவளுக்குக் கொலை ஊட்டி வளர்க்கும் இவ்வழக்கத்தைக் கதை எழுதிய எவரும் எழுதவில்லை. விதி எழுதிற்று.

கூலி பற்றிய விதியையும் நோக்குவோம். ஒவ்வொரு வீரனுக்கும் அவன் படிநிலைக்கேற்ப முறைதோறும் பொன் செலவாகும். கைப்பற்றிய கிராமங்கள் அச்செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். ஆனால் 'விசுவாசி' என்னும் இயல்புடையவனுக்கு எச்செலவும் இல்லை. விசுவாசம் என்பது கூலி கேளாது உழைத்தல் என்பதே இதன் பொருள். குடியானவனோ படிநிலை பூச்சியம். அவனுக்கும் பராமரிப்புச் செலவில்லை. அவன் வழிமறித்து நின்றாலும் பகைவன் தயங்காது கடந்து செல்லலாம். மலிவானவன் என்பதால் அனுபவமிக்க வீரனைக் காக்க அவனை முன்னே நிறுத்திப் பலியிடுதலே இலாபம். பெயருள்ள மனிதனைப் படைத்து எம்மை நெகிழவைத்த அதே விளையாட்டு, மலிவான மனிதனைக் கணக்கின்றிச் செலவிடவும் எம்மைப் பழக்குகின்றது.

கிராமமோ முற்றிலும் ஊமை. அது வரைபடத்தில் ஒரு கட்டம். அங்கு ஒரு வீரன் கால் வைத்ததும் கொடி மாறுகின்றது, பொன் பாய்கின்றது, காயம் ஆறுகின்றது. மறுநாள் வேறொருவன் கால் வைத்தால் அவனுக்கும் அவ்வாறே. இரு படைகளுக்கும் சோறிடும் ஊரில் வாழ்வோர் யார், அவர்கள் என்ன நினைக்கின்றனர் என்பதற்கு விதியில் இடமில்லை. போரை அறிந்த நாட்டின் வாசகருக்கு இக்குறையை நாம் விளக்க வேண்டியதில்லை.

வேறு குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கணினி நடத்தும் எதிர்ப்படை பெரும்பாலும் முன்பின் பாராது பாய்கின்றது. ஆகவே கதைத்தொடர்களில் அதன் அறியாமையை ஈடுசெய்ய அதற்குக் கூடிய பொன்னும் ஆளும் வழங்க வேண்டியுள்ளது. ஒரு களத்தில் மீந்த பொன்னில் ஒரு பகுதி அடுத்த களத்துக்குச் செல்லும். எனவே நன்கு வென்றவன் மேலும் செழிக்க, தட்டுத்தடுமாறி வென்றவன் அடுத்த களத்தில் வறியவனாய் நுழைகின்றான். உள்ளவனுக்கே மேலும் சேரும் இவ்வமைப்பு, கற்கும் மாணவனைச் சோர்வுறச் செய்கின்றது. பல கைகள் எழுதியமையால் கதைத்தொடர்களின் நடையும் தரமும் ஒத்த அளவில் இல்லை.

இவ்வளவும் கூறியபின் ஒரு மறுப்பு எழும். 'இது விளையாட்டுத்தானே? இளைப்பாற வந்த இடத்தில் வைத்தியையின் உரிமையையும் குடியானவனின் விலையையும் ஆராய்வது மிகையல்லவா?' இம்மறுப்பில் ஒரு நியாயம் உண்டு. ஓர்க்கை வெட்டிய மாணவன் மறுநாள் அயலானை வெட்டப் புறப்படுவதில்லை. அவ்வாறு அஞ்சுவோர் கலையின் இயல்பை அறியாதோர். எமது கவலை அதுவன்று. ஊதியமின்றி உழைப்பதே விசுவாசம், ஆற்றுதல் அனுபவமாகாது, எளியவன் செலவிடத்தக்கவன் என்னும் எண்ணங்கள் எண்ணங்களாக வந்தால் மாணவன் மறுத்துரைப்பான். விதிகளாக வரும்போது அவற்றைக் கற்றுத் தேர்ச்சி பெறுகின்றான். அத்தேர்ச்சியே கவலைக்குரியது.

ஆனால் வெஸ்நோத்தின் மிகப் பெரிய முரண்பாடு இனித்தான் வருகின்றது. எமது நம்பிக்கையும் அதிலேதான் உள்ளது. வாரிசையும் செங்கோலையும் பாடும் இவ்விளையாட்டுக்கு வாரிசு எவருமில்லை. தொடங்கியவருக்கும் பின்வந்தவருக்கும் ஒரே உரிமம். ஓவியம் வரைந்தவரும், எழுத்துப்பிழை திருத்தியவரும், ஒரு களத்தை மட்டும் எழுதிச் சென்றவரும் சேர்ந்து கட்டிய மாளிகை இது. கூலி கேளாது உழைத்தோர் இங்கும் உண்டு; ஆனால் அவர்கள் ஓர் அரசனுக்கு விசுவாசிகளாக உழைத்தவரல்லர், தம்முடையதும் பிறருடையதுமான ஒன்றுக்காக உழைத்தவர். முடியரசைப் பாடும் காவியத்தைக் குடியரசொன்று இயற்றியிருக்கின்றது! உள்ளடக்கம் பழைய உலகுக்குரியது. ஆக்கிய முறை வரவேண்டிய உலகுக்குரியது. தம் கைகள் செய்துகொண்டிருந்த புதுமையைத் தம் கற்பனை எட்டிப் பிடிக்கவில்லை என்பதே ஆக்கியோர் மீது நாம் சாட்டும் குறை.

இக்குறை திருத்த முடியாததன்று. ஒரு நாவலில் குறை கண்டால் எழுதிக் கண்டிக்கலாம், நாவல் மாறாது. இங்கே ஒவ்வொரு படைவகையும் ஓர் எழுத்துக் கோப்பில் விவரிக்கப்பட்டுள்ளது. ஓர்க் வாள்வீரனின் இயல்பு அதில் ஒரு சொல்லாக எழுதப்பட்டிருக்கின்றது. கொலைக்கு எத்தனை புள்ளி என்பதும் ஒரு வரியில் ஓர் எண்ணாக இருக்கின்றது. அதனைத் திறந்து படிக்கலாம், மாற்றி எழுதலாம், மாற்றியதைப் பிறர்க்கும் வழங்கலாம். சதுரங்க விதி யாரால் வகுக்கப்பட்டது என்று அறியாது பணிந்து ஆடிய தலைமுறைகளுக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

ஆசிரியர்களுக்கு எமது வேண்டுகோள் இதுவே: இவ்விளையாட்டை மாணவரிடமிருந்து பறிக்க வேண்டாம், வெறுமனே ஆடவிட்டு அகலவும் வேண்டாம். ஒரு களத்தை அவர்களோடு ஆடுங்கள். 'இங்கே யார் உழைத்தார், யார் உயர்ந்தார்?' என்று கேளுங்கள். பின்னர் கோப்பைத் திறந்து, ஷாமனின் உழைப்புக்கும் புள்ளி வழங்கும் விதியை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்; அவ்விதியின்கீழ் போர் எவ்வாறு மாறுகின்றது என்று ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். விதி என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று, மனிதர் எழுதியது, ஆகவே மனிதர் திருத்தக்கூடியது என்னும் உண்மையை அந்த ஒரு மாலையில் மாணவன் தன் கைகளால் அறிந்துகொள்வான். அதன்பின் வெஸ்நோத்தின் அரியணையில் எவர் அமர்ந்தாலும் கவலையில்லை.